வில்லன் யாரென்று முன்பே தெரிந்த உலகம்

1909-இல் லண்டனில் வில்லியம் லெ க்யூ எழுதிய 'கெய்சரின் ஒற்றர்கள்' வெளிவந்தது. இங்கிலாந்து முழுக்க ஜெர்மானிய ஒற்றர்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் கரு. படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் முடிதிருத்துபவர் வேற்று உச்சரிப்பில் பேசுகிறார், விடுதிப் பணியாளர் பாலத்தை உற்றுப் பார்க்கிறார், வாடகைக்கு வந்தவர் வரைபடம் வைத்திருக்கிறார் என்று எழுத்தாளருக்குக் கடிதங்கள் குவிந்தன. அவர் அவற்றை ராணுவ உளவுப் பிரிவின் ஜேம்ஸ் எட்மண்ட்ஸிடம் கொடுத்தார். எட்மண்ட்ஸ் அத்தகைய தகவல்களை அரசின் பாதுகாப்புத் துணைக்குழு முன் சான்றாக வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ரகசியப் பணியகம் பிறந்தது. பின்னாளில் உள்நாட்டுக்கு எம்ஐ5, வெளிநாட்டுக்கு எம்ஐ6 என்று இரண்டு உளவு அமைப்புகளாகப் பிரிந்தது அந்தப் பணியகம்தான். நிஜத்தில் அன்று இங்கிலாந்தில் இருந்தது, துறைமுகங்களையும் கப்பல்களையும் பற்றித் தகவல் திரட்ட ஜெர்மன் கடற்படை வைத்திருந்த சிறிய கூட்டம் மட்டுமே.

உளவுக் கதை உளவு உலகத்தைப் பார்த்து எழுதப்படுகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தொடக்கத்திலேயே கதை முன்னால் போனது, அமைப்பு அதன் பின்னால் வந்தது. அதனால்தான் இந்தக் கதைகளை ரசிப்பவர்கள் அவற்றின் அறத்தைக் கேள்வி கேட்பது வெறும் ரசனை விவகாரமாக நின்றுவிடுவதில்லை.

முதலில் ரசனையைப் பற்றியே பேசுவோம். அது பொய்யான இன்பம் இல்லை. உளவுத் தொழிலின் நுட்பம் கதையில் வருவதைவிட நிஜத்தில் இன்னும் அழகானது.

1982 டிசம்பர், மாஸ்கோ. அமெரிக்கத் தூதரகக் காரில் இரண்டு தம்பதிகள், கையில் பிறந்தநாள் கேக்குடன், விருந்துக்குப் போகிறார்கள். பின்னால் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் கார். ஒரு திருப்பத்தில் பின்தொடர்பவர்களின் பார்வை சில நொடிகள் மறைகிறது. அந்த இடைவெளியில் முன்னிருக்கையில் இருந்த சிஐஏ அதிகாரி இறங்கிவிடுகிறார். அவர் இருந்த இடத்தில் கேக் பெட்டி வைக்கப்படுகிறது. உள்ளே மடக்கி வைத்திருந்த மனித உருவப் பொம்மை, வில் அழுத்தத்தில் நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் வருபவர்களின் கண்ணுக்குக் காரில் இப்போதும் நாலு தலைகள். இறங்கியவர் ரஷ்யக் கிழவரின் உடையில் நகரத்துக்குள் கலந்து, யாரும் பின்தொடரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு பொறியாளரைச் சந்திக்கப் போகிறார்.

இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்க்கத்தான் வேண்டும். அறிவும் துணிவும் நேரக் கணக்கும் ஒன்றுசேர்ந்த வேலை அது. ஆனால் அந்தப் பொறியாளர் யார் என்று கேட்ட மாத்திரத்தில் கதையின் நிறம் மாறுகிறது.

அவர் பெயர் அடால்ஃப் டோல்கச்சேவ். போர் விமானங்களுக்கான ரேடார் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை. ஸ்டாலின் காலத்தில் மனைவியின் பெற்றோர் வேட்டையாடப்பட்டதை அவரால் மறக்க முடியவில்லை. 1977 ஜனவரியில் மாஸ்கோவின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் சிஐஏ நிலையத் தலைவரின் காரை அவராகவே நெருங்கினார். இது கேஜிபியின் கண்ணியோ என்று பயந்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்டதும், மதிய இடைவேளையில் ரகசிய ஆவணங்களைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார். நாற்காலி முதுகில் பென்டாக்ஸ் கேமராவைக் கவ்வியால் பொருத்திப் படமெடுப்பார். இடைவேளை முடிவதற்குள் ஆவணங்கள் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். மகனுக்கு மேற்கத்திய ராக் இசைத்தட்டுகள் வாங்கித் தரும்படி கேட்டார். பிடிபட்டால் விழுங்க விஷ மாத்திரையும் கேட்டார். தலைமையகம் முதலில் மறுத்தது. பிறகு பேனாவுக்குள் வைத்துக் கொடுத்தது.

1983-இல் சிஐஏ ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. எட்வர்ட் லீ ஹோவர்ட் என்ற அவர் மாஸ்கோவுக்குப் போகவேண்டியவர். அதற்காக அங்குள்ள ரகசியங்களை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பிறகே, பொய் கண்டறியும் சோதனையில் போதைப்பொருள் பழக்கமும் வேறு தவறுகளும் வெளிவந்தன. வேலை போன கசப்பில் அவர் சோவியத் பக்கம் போனார். 1985 ஜூனில் டோல்கச்சேவ் கைதானார். மறு ஆண்டு அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

உளவுத் திரில்லரின் முதல் ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. 'ஸ்பை' என்று நாம் கைதட்டுகிற நாயகன் பெரும்பாலும் அதிகாரி. அவரிடம் தூதரகப் பாஸ்போர்ட் இருக்கும். பிடிபட்டால் நாடு கடத்துவார்கள், அவ்வளவுதான். உண்மையான ஒற்றர் என்பவர் தன் சொந்த நாட்டு ரகசியத்தைத் திருடித் தரும் உள்ளூர்க்காரர். உயிரைப் பணயம் வைப்பது அவர். கதையில் அவருக்கு ஒதுக்கப்படுவதோ பத்து நிமிடம். அதன் பிறகு செத்துவிடுவார், நாயகனின் முகத்தில் ஒரு துயரக்கோடு விழும். ஒருவரை ஒற்றராக்க இந்தத் தொழிலில் பிடிக்கும் கொக்கிகள் நான்கு என்பார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், அகந்தை. ஆளைக் கண்டுபிடிப்பது, எடைபோடுவது, பழகி நெருங்குவது, கேட்பது, கையாள்வது, கடைசியில் கழற்றிவிடுவது என்று வேலை படிப்படியாக நடக்கும். பழகி நெருங்கும் கட்டமே மாதக்கணக்கில் நீளும். அதிகாரி உண்மையான நண்பரைப் போலவே இருப்பார். சில நேரம் உண்மையாகவே நண்பராகியும் விடுவார். ஆனாலும் அந்த நட்பு ஒரு கோப்பு எண்ணின் கீழ் பதிவாகிக்கொண்டே இருக்கும். டோல்கச்சேவைப் போலத் தானாக வந்தவர் விஷயத்தில்கூட, அவருக்கு நேரக்கூடியது என்ன என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஒரு தரப்புக்கு மட்டும் அது நேராது.

இன்னும் ஆழமான ஏமாற்று ஒன்று உண்டு. உளவுக் கதை என்ற வகைமையின் மொத்த அறக்கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. கதைக்குள் வாசகருக்கு எல்லாம் முன்பே தெரியும்.

எப்படித் தெரிகிறது? கதைசொல்லி வில்லனின் அறைக்குள் நம்மை அழைத்துப் போகிறார். குண்டின் கம்பி இணைக்கப்படுவதை நாம் பார்க்கிறோம். அதன் பிறகு நாயகன் யாரோ ஒருவரின் விரலை உடைத்தால், 'சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான்' என்று மனம் அமைதியாகிறது. நாயகனுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அவன் ஊகத்தின் பேரில்தான் அடிக்கிறான். நமக்குத் தெரிந்ததை அவன் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். கூடவே ஓடும் கடிகாரம் யோசிக்க நேரம் தருவதில்லை. சட்டத்தை நினைவூட்டும் மேலதிகாரி கோழையாகவோ துரோகியாகவோ இருப்பார். அடுத்த காட்சிக்கு வெட்டும் இடமும் கவனமாகத் தேர்ந்தது: தவறான ஆள் என்று தெரியவரும் காலையை நாம் பார்ப்பதே இல்லை.

நிஜ உளவு வேலை முழுக்க இதற்கு நேர்மாறான பொருளால் ஆனது. சந்தேகம் என்பது அதன் பெயர்.

1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் 11 இஸ்ரேலிய விளையாட்டுக் குழுவினர் கொல்லப்பட்டார்கள். அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் என்று அலி ஹசன் சலாமேயை இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாத் தேடிக்கொண்டிருந்தது. 1973 ஜூலையில் ஒரு தூதுவனைப் பின்தொடர்ந்த குழு, நார்வேயின் லில்லிஹாமர் என்ற சிற்றூருக்கு வந்தது. அங்கே அந்தத் தூதுவனோடு பேசிய ஒருவரைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டு இவர்தான் என்று முடிவு கட்டினார்கள். ஜூலை 21 இரவு, சினிமா பார்த்துவிட்டுக் கர்ப்பிணி மனைவியோடு வீடு திரும்பிய அவரை மனைவியின் கண்முன் சுட்டுக் கொன்றார்கள். அவர் அகமது பூஷிக்கி. மொராக்கோவைச் சேர்ந்த உணவகப் பணியாளர். வாடகைக் காரின் எண் போலீசாரிடம் சிக்கியதால் குழுவில் ஆறு பேர் பிடிபட்டார்கள். ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. 1996-இல் இஸ்ரேல், பொறுப்பை ஏற்காமலேயே, குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தது. தேடப்பட்ட சலாமேயை 1979-இல் பெய்ரூட்டில் கார் குண்டு வைத்துக் கொன்றபோது தெருவில் போனவர்களும் சேர்ந்து இறந்தார்கள்.

இந்தக் குழுவை முட்டாள்கள் என்று தள்ளிவிடுவது எளிது. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். கிடைத்த தடயம் முன்முடிவோடு பொருந்தியது, பொருந்தாதவை கண்ணில் படவில்லை. திரில்லரில் நாயகன் இதே அளவு தடயத்தோடுதான் சுடுகிறான். எழுத்தாளர் தயவால் அவன் சுட்டது எப்போதும் சரியான ஆளாகவே இருந்துவிடுகிறது.

சித்திரவதைக் காட்சிகளுக்கும் இதுதான் அடிப்படை. எங்கோ குண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, வைத்தவன் நம் கையில், வாய் திறக்க மறுக்கிறான், என்ன செய்வீர்கள் என்ற கேள்வி பரவலானதில், அல்ஜீரியப் போரைப் பற்றி 1960-இல் வந்த பிரெஞ்சு நாவல் ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. கேள்வி எளியதுபோல் இருக்கும். பிரித்துப் பாருங்கள்: குண்டு இருப்பது உறுதி, இவன்தான் வைத்தான் என்பது உறுதி, இடம் இவனுக்குத் தெரியும், அடித்தால் உண்மையைத்தான் சொல்வான், நேரத்துக்குள் சொல்வான், வேறு வழியே இல்லை. ஒரே கேள்விக்குள் ஆறு நிச்சயங்களைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்று கழன்றாலும், அறையில் மிஞ்சுவது வலியில் துடிக்கும் ஒரு மனிதனும் அவன் சொல்லும் ஏதோ ஒரு சொல்லும்தான்.

அந்த 'ஏதோ ஒரு சொல்' எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. அல்கொய்தாவோடு தொடர்புள்ளவர் என்று 2001 இறுதியில் பிடிபட்ட இப்னு அல் ஷேக் அல் லிபியை அமெரிக்கா எகிப்திடம் ஒப்படைத்தது. அங்கே வதையின்போது, அல்கொய்தாவுக்கு ஈராக் ரசாயன, உயிரி ஆயுதப் பயிற்சி அளித்தது என்று சொன்னார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஆற்றிய உரையில் அது இடம்பெற்றது. மறு மாதம் போர் தொடங்கியது. 2004-இல் அல் லிபி தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். வலியை நிறுத்தவே அப்படிச் சொன்னார்.

அதே உரையில் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்களைப் பற்றிய விவரமும் இருந்தது. அதற்கு முக்கிய மூலம், ஜெர்மனியில் தஞ்சம் கேட்ட ஓர் ஈராக்கியர். கோப்பில் அவருக்குக் 'கர்வ்பால்' என்று பெயர். அவரை யாரும் அடிக்கவில்லை. அவரே கதை கட்டினார். ஜெர்மன் உளவுத்துறை அவரைத் தன் கையில் வைத்திருந்தது. போருக்கு முன் அமெரிக்க உளவுத்துறை அவரை நேரில் விசாரித்ததே இல்லை. தான் சொன்னது பொய் என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். ஒற்று கூடாது என்று அவர் சொல்லவில்லை. அரசனுக்கு அது கண் என்கிறார். ஆனால் அந்தக் கண்ணை நம்பும் முறைக்கு வரம்பு கட்டுகிறார்:

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்.

ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதித்துக்கொள். அடுத்த குறள் இன்னும் கறாரானது: ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துப்போனால்தான் தெளிவு. 'ஒருவரையொருவர் அறியாத' என்பதுதான் உயிர்நாடி. ஒரே மூலத்திலிருந்து மூன்று வழியாக வந்த தகவலை மூன்று சான்றாக எண்ணுவது இன்றும் உளவு ஆய்வில் அடிக்கடி நேரும் பிழை.

அடிப்பது பலன் தராது என்பதைத் தொழில் அறிந்தவர்களே சொன்னார்கள். 2006 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் கல்விப் பொறுப்பாளர், புகழ்பெற்ற ஓர் அமெரிக்க உளவுத் தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்களை நேரில் சந்தித்து, வதைக் காட்சிகளைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தத் தொடரில் வதை எப்போதும் வெற்றி பெறுவதைப் பார்த்து வளரும் மாணவர்கள் சட்டம் சொல்வதை ஏற்க மறுக்கிறார்கள் என்பது அவர் கவலை. அமெரிக்க செனட் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, சிஐஏ பிடித்து வைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேர் அமைப்பின் சொந்த விதிப்படியே பிடித்து வைக்கப்பட்டிருக்கக் கூடாதவர்கள்.

நன்றாக விசாரிப்பது எப்படி இருக்கும்? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் விசாரணையாளர் ஹான்ஸ் ஷார்ஃப், பிடிபட்ட விமானிகளைக் காட்டுப் பாதையில் நடக்க அழைத்துப் போவார். நட்பாகப் பேசுவார். நேர்க்கேள்வி கேட்பதைத் தவிர்ப்பார். எல்லாம் தெரிந்தவர்போலத் தன் பக்கக் கதையை நீளமாகச் சொல்வார். நடுவில் ஒரு விவரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றிச் சொன்னால் எதிராளி திருத்துவார், அல்லது மறுக்காமல் விடுவார். இரண்டுமே தகவல்தான். புதிய செய்தி விழுந்தால் காதில் விழாததுபோல் இருந்துவிடுவார். தாங்கள் எதையும் சொல்லவில்லை என்றே அந்த விமானிகள் கடைசிவரை நம்பினார்கள். இந்த முறையை உளவியலாளர்கள் பின்னர் சோதனைகளில் ஆராய்ந்தார்கள். திரையில் இது எடுபடாது என்று நினைப்பவர்கள், இதை வைத்து ஒரு காட்சி எழுதிப் பார்க்கலாம். அடிதடியைவிடப் பதற்றம் கூடுதலாக இருக்கும்.

மாறுவேடத்துக்கும் ஒரு விலை உண்டு. துறவியின் வேடத்தில் போகலாம் என்று குறளே ஒற்றனுக்கு இடம் தருகிறது. கதையில் நாயகன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைவான், வேலை முடிந்ததும் கோட்டைக் குப்பைக்கூடையில் எறிவான். 2011-இல் ஒசாமா பின்லேடன் இருக்கும் வீட்டை உறுதிசெய்ய, சிஐஏ ஒரு பாகிஸ்தானிய மருத்துவரைக் கொண்டு அபோட்டாபாத்தில் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி முகாம் நடத்தியது. செய்தி வெளிவந்த பிறகு, தடுப்பூசி போட வருபவர்கள் ஒற்றர்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் போலியோ சொட்டு மருந்துப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு மாதம் அமெரிக்காவின் 12 பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் அதிபருக்குக் கடிதம் எழுதினார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி மறைப்பாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014 மே மாதம் பதில் தந்தது. ஒருவர் அணிந்த வேடத்தின் கடன், அந்தத் தொழிலை உண்மையாகச் செய்பவர்கள் தலையில் விழுகிறது. குப்பைக்கூடையில் விழுந்த கோட்டுக்கு அடுத்த காட்சியைத் திரில்லர் காட்டுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த எழுத்தாளர்கள் இல்லாமல் இல்லை. ஜான் லெ காரே உளவுத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, பெர்லின் சுவர் எழுந்து இரண்டாண்டு கழித்து 1963-இல் வெளியிட்ட நாவல், வகைமையின் முதுகெலும்பையே முறித்தது. அதில் நடக்கும் நடவடிக்கை எதற்காக என்று நாயகனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையின் கொடிய அதிகாரி ஒருவனை வீழ்த்தப் போவதாக நினைக்கிறான். கடைசியில், அந்தக் கொடியவனே லண்டனின் ஆள் என்றும், அவனைச் சந்தேகித்த நேர்மையான எதிரியை ஒழிக்கவே எல்லாம் நடந்தது என்றும் தெரிகிறது. நிச்சயத்தைப் பிடுங்கிவிட்டால் கதை எப்படி நடுங்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனால் அந்தக் கசப்பு மரபையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். களைத்த முகம், மழை, தனிமை, 'நாம் எல்லோரும் கறைபட்டவர்கள்' என்ற பெருமூச்சு என்று கறையே ஒரு கவர்ச்சியாகிவிடுகிறது. அதிகாரியின் மனச்சாட்சி நோவதை 300 பக்கம் படித்த பிறகு, நோவுக்குக் காரணமான செயல் பாதி மன்னிக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. செத்துப்போன உள்ளூர்க்காரருக்கு அந்தத் துயரத்தால் எந்தப் பயனும் இல்லை. சிரித்துக்கொண்டே சுடும் நாயகனைவிட வருந்திக்கொண்டே சுடும் நாயகன்தான் நம்மை எளிதில் தன் பக்கம் இழுக்கிறான். இவனிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி 1909-க்குத் திரும்பலாம். ஒற்றர் பீதி ஒரு பணியகத்தோடு நிற்கவில்லை. 1911-இல் பிரிட்டன் அலுவல் ரகசியச் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றியது. அதில் ஒரு விதி: நாட்டுக்குக் கேடான நோக்கத்தைக் காட்டும் குறிப்பிட்ட செயல் எதையும் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சூழ்நிலை, நடத்தை, நிரூபிக்கப்பட்ட 'அறியப்பட்ட குணம்' ஆகியவற்றிலிருந்து நோக்கம் அப்படித் தோன்றினாலே தண்டிக்கலாம். பாலத்தை உற்றுப் பார்த்த விடுதிப் பணியாளரைப் பற்றி எழுதப்பட்ட கடிதம், சட்ட மொழிக்கு மாறியது போல் இருக்கிறது. இந்த விதி 1923-இல் இந்தியாவின் அலுவல் ரகசியச் சட்டத்தில் 3(2) என்ற உட்பிரிவாக வந்தது.

1994-இல் திருவனந்தபுரத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு பதிவானது. மாலத்தீவுப் பெண்கள் இருவர், இஸ்ரோ விஞ்ஞானிகள், விற்கப்பட்ட ராக்கெட் ரகசியம். ஒரு திரில்லருக்கு வேண்டிய பாத்திரங்கள் அத்தனையும் வரிசையில் நின்றன. பத்திரிகைகள் அதைத் தொடர்கதையாகவே எழுதின. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன், திரவ எரிபொருள் எஞ்சின்களில் இந்தியாவை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர், நவம்பர் 30 அன்று கைதாகி 50 நாள் சிறையில் இருந்தார். அந்தப் பெண்கள் அதைவிட நெடுங்காலம் இருந்தார்கள். வழக்குக்கு ஆதாரமே இல்லை என்று 1996-இல் சிபிஐ அறிக்கை தாக்கல் செய்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணை முயற்சியையும் ரத்து செய்தது. அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அதே நீதிமன்றம் உத்தரவிட்டது 2018 செப்டம்பரில். கைதாகி ஏறத்தாழ 24 ஆண்டு கழித்து.

1911 சட்டத்தைப் பிரிட்டன் 2023-இல் நீக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தது. இந்தியச் சட்டத்தில் 3(2) இன்னும் இருக்கிறது.